தகைவிலான் கூடு சொன்ன கதை

குளிர்காலத்து மாலை வேளைகளில் மின்கம்பிகளின்மீது வரிசையாக அமர்ந்திருக்கும் சிறு பறவைகளைப் பலரும் பார்த்திருப்போம். முதுகு நீலம் பாய்ந்த கருமை நிறம். வால் கத்தரிக்கோலைப் போல் பிளவுபட்டிருக்கும். இவையே தகைவிலான்கள். பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்து உண்பவை. வடக்கே குளிர் மிகும்போது நம் ஊர்களுக்கு வந்து, கோடை தொடங்கும்போது திரும்பிவிடுகின்றன.

இன்று இது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால் இந்த உண்மை ஐயமற நிலைபெற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு வழி காட்டியவர்களில் பலர் காடு மலை ஏறியவர்கள் அல்லர். வீட்டுக் கூரையின் கீழிருந்த மண்கூட்டைப் பொறுமையுடன் கவனித்தவர்கள். அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

குளத்தடியில் உறக்கமா?

ஐரோப்பாவில் தகைவிலான்கள் வசந்தத்தில் தோன்றும். இலையுதிர் காலத்தில் மறைந்துவிடும். எங்கே போகின்றன? கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், அவற்றில் சில பொந்துகளில் இறகு உதிர்ந்து ஒடுங்கிக் கிடக்கும் என்று எழுதினார். 1555ஆம் ஆண்டு ரோம் நகரில் அச்சான தம் நூலில், ஸ்வீடன் நாட்டுப் பேராயர் ஓலாஸ் மாக்னஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தகைவிலான்கள் திரளாக நீருக்குள் மூழ்கிக் குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன என்றார். மீனவர்கள் வலையில் அவற்றை இழுத்தெடுப்பதுபோல் ஒரு படமும் அந்நூலில் இருந்தது. உயிரினங்களை வகைப்படுத்திய மேதையான லின்னேயஸ்கூட, 18ஆம் நூற்றாண்டில், இந்த நம்பிக்கையை விட்டுவிடவில்லை. ஒருவர் கேட்டதை எழுதினார். அவர் எழுதியதை மற்றவர் எடுத்தாண்டார். பெரியோர் சொன்னது என்பதால் பொய்க்கும் நீண்ட ஆயுள் கிடைத்தது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒருவர் முன்வந்தார். பெர்லின் நகரைச் சேர்ந்த யோஹான் லியோன்ஹார்ட் ஃபிரிஷ் என்பவர், நீர் பட்டால் கரையும் சாயம் ஏற்றிய நூலைத் தகைவிலான்களின் கால்களில் கட்டிவிட்டார். மறு ஆண்டு திரும்பி வந்த பறவைகளின் காலில் நூலின் நிறம் மங்காமல் இருந்தது. நீருக்கடியில் பல மாதங்கள் கிடந்திருந்தால் சாயம் எஞ்சியிருக்குமா? ஒரு முழ நூல் செய்த வேலையைப் பெரிய நூல்கள் பலவும் செய்யவில்லை!

நாளுக்கு அரை அங்குலம்

இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், கூரை விளிம்பின் கீழ்க் கூடு கட்டும் 'ஹவுஸ் மார்ட்டின்' என்ற தகைவிலான் வகையை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அவருடைய நூல் 1789இல் வெளிவந்தது. இப்பறவை காலையில் மட்டுமே மண் பூசுகிறது. எஞ்சிய பொழுதை இரை தேடவும் விளையாடவும் செலவிடுகிறது என்று அவர் கண்டார். ஒரு நாளில் உயரும் சுவர் ஏறத்தாழ அரை அங்குலமே. ஏன் இந்த நிதானம்? ஈரச் சுவரின்மீது மேலும் மேலும் மண்ணை ஏற்றினால், பாரம் தாங்காமல் முழுவதும் சரிந்துவிடும். நம் ஊரில் மண்சுவர் வைப்பவர்களும் ஒரு வரி காய்ந்த பின்னரே அடுத்த வரி வைப்பார்கள் அன்றோ!

இத்துணை கூர்மையாகப் பார்த்த ஒயிட்டும், சில பறவைகளாவது எங்கோ ஒளிந்து உறங்கக்கூடும் என்ற ஐயத்தை இறுதிவரை முழுமையாக விடவில்லை. கூட்டருகே நின்ற கண்ணுக்குக் கடலுக்கு அப்பால் நடப்பது தெரியவில்லை.

அதைத் தெரிவித்தது ஒரு சிறு அலுமினிய வளையம். 1911ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் ஒரு வீட்டு முகப்பில் கூடு கட்டியிருந்த தகைவிலானின் காலில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்பவர் எண் பொறித்த வளையம் ஒன்றை மாட்டினார். 1912 டிசம்பரில் அதே பறவை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. இங்கிலாந்துத் தகைவிலான்களின் குளிர்கால இருப்பிடத்திற்கு ஐயத்துக்கிடமில்லாத சான்று கிடைத்துவிட்டது.

துப்பாக்கிக்குப் பதில் காமிரா

19ஆம் நூற்றாண்டில் பறவையை ஆராய்வது என்றால் பெரும்பாலும் அதைச் சுடுவதும், முட்டைகளைச் சேகரிப்பதுமே. இந்த வழக்கத்திற்கு மாற்று வழி காட்டியவர்கள் ரிச்சர்ட், செரி என்னும் கீர்ட்டன் சகோதரர்கள். 1892இல் லண்டனுக்கு அருகே, முட்டைகளுடன் கூடிய ஒரு பறவைக் கூட்டை அவர்கள் படம் பிடித்தார்கள். 1895இல் வந்த அவர்களது நூல், பறவைக் கூடுகளைப் புகைப்படங்களாகவே மக்கள் முன் வைத்தது. கனத்த காமிராவும் கண்ணாடித் தட்டுகளுமாகக் கூட்டை நெருங்க வேண்டியிருந்த காலம் அது. பறவை அஞ்சாதிருக்க, பாடம் செய்த மாட்டின் உடலுக்குள் ஒளிந்திருந்தும் அவர்கள் படமெடுத்தார்கள்.

கூடு திரும்பிய நகரம்

இனி லண்டன் நகருக்குள் வருவோம். நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நகரின் நடுப்பகுதியை ஹவுஸ் மார்ட்டின்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கைவிட்டிருந்தன. 1952 டிசம்பரில் கவிந்த நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கான மக்களின் உயிரைக் குடித்தது. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகை குறைந்தது. 1960களில் அப்பறவைகள் மீண்டும் நகர நடுவே கூடு கட்டின. காற்றில் பறக்கும் பூச்சிகள் பெருகியதே காரணம் என்று பறவை ஆய்வாளர்கள் கருதினர். மனிதனுக்காக இயற்றிய சட்டத்தின் பலனைக் கூரை விளிம்பின் மண்கூடும் பறைசாற்றியது.

அதே நகரில், பழைய நீர்த்தேக்கங்கள் இருந்த பார்ன் எல்ம்ஸ் என்னுமிடம் ஈரநிலப் பூங்காவாக மாற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டி வாழும் தகைவிலான் வகைக்கு அங்கே துளைகளுடன் கூடிய செயற்கைக் கரை ஒன்றும் அமைத்தார்கள்.

ஆயினும் கதை இன்பமாகவே முடியவில்லை. 2021இல் பிரிட்டன் வெளியிட்ட மதிப்பீட்டில் ஹவுஸ் மார்ட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூச்சிகள் குறைந்தால் இரையில்லை; ஈர மண் இல்லாவிட்டால் கூடில்லை. ஒரு கூட்டிற்கு ஏறத்தாழ ஆயிரம் மண் உருண்டைகள் தேவை. தரையெல்லாம் சிமெண்டு பூசிவிட்டால் பறவை எங்கே போகும்?

நம் நாட்டிலும் பாலங்களின் அடியிலும் கட்டடங்களிலும் மண்கூடு கட்டும் தகைவிலான் வகைகள் உள்ளன. மாணவர்கள் ஒரு குறிப்பேடும் பென்சிலுமாக அவற்றைக் கவனிக்கலாம். படமெடுப்போர் தொலைவில் நின்றே எடுக்க வேண்டும். கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்தால், காகத்திற்கு வழி திறந்துவிட்டதாகும். தாயை நெடுநேரம் வரவிடாமல் தடுத்தால் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். தாய்ப்பறவை இரையோடு கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தும் உள்ளே நுழையவில்லையா? நாம் மிக அருகில் நிற்கிறோம் என்பதே பொருள். அந்த நேரத்தில் காமிராவை மூடிக்கொண்டு விலகுபவரே நல்ல ஆராய்ச்சியாளர்.