கூலிப்படைப் புதினத்தில் நோக்கம் என்னும் கூறு

1. வரையறை

கூலிப்படையினர் யார் என்பதை 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான முதலாம் கூடுதல் நெறிமுறை வரையறுத்தது. அதன் 47-ஆம் உறுப்பு ஆறு கூறுகளை அடுக்குகிறது. ஆறும் ஒருங்கே பொருந்தினாலன்றி ஒருவரைக் கூலிப்படையினர் என்று சட்டம் கொள்ளாது. அவற்றுள் ஐந்து புறத்தே சரிபார்க்கத்தக்கவை: போரிடுவதற்கென்றே அமர்த்தப்பட்டிருத்தல், போரில் நேரடியாக ஈடுபடுதல், போரிடும் தரப்புகளின் குடிமகனாகவோ அவற்றின் ஆளுகைப் பகுதியில் வசிப்பவராகவோ இல்லாமை, அத்தரப்புகளின் படை உறுப்பினராக இல்லாமை, வேறோர் அரசால் அலுவல்முறையில் அனுப்பப்படாமை. எஞ்சிய ஒன்று, தன் ஆதாயத்தையே முதன்மையாகக் கருதிப் போரிடுதல். இதற்கும் ஒரு புறச்சான்று கேட்கப்படுகிறது: அதே நிலையிலுள்ள படைவீரரைவிட மிக உயர்ந்த ஊதியம் வாக்களிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் அதன் உயிர்நிலை மனத்துக்குள் இருப்பதால் இதனை அகக்கூறு என வழங்குவோம்.

வாக்களித்த தொகையை ஒப்பந்தம் காட்டும். தொகைக்காகவே ஒருவன் துப்பாக்கி ஏந்தினானா என்பதைக் காட்டும் ஆவணம் இல்லை. சட்டம் தயங்கும் இவ்விடமே கூலிப்படைப் புதினத்துக்கு உரிய நிலம் என்பது நம் கருத்து. கூலிக்குப் போரிடுவோரின் செயல்களை வரிசையாகக் காட்டி, அவர்களது அகக்கூறு பற்றிய தீர்ப்பை இறுதிவரை தள்ளிவைக்கும் விறுவிறுப்புக் கதையையே இங்குக் கூலிப்படைப் புதினம் என்கிறோம்.

2. வகை

அமர்த்துவோரைக் கொண்டு இவ்வகைக் கதைகளை மூன்றாகப் பகுக்கலாம். வில்பர் ஸ்மித்தின் ‘தி டார்க் ஆஃப் தி சன்’ (1965) காங்கோ உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஓர் அரசுக்காகப் போரிடுவோரைச் சொல்வது, இது அரசுவழி. ஃப்ரெடரிக் ஃபோர்சைத்தின் முதற்புதினமான ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ (1971) இயக்கவழி. அதில் ஓ.ஏ.எஸ். என்னும் பிரெஞ்சுத் தலைமறைவு அமைப்பு, அதிபர் டி கோலைக் கொல்ல ஒருவனை அமர்த்துகிறது. அவன் தனிக் கொலையாளி. படைவீரனாகப் போரிடுபவன் அல்லன். ஆகவே இது வகையின் விளிம்பில் நிற்கிறது. அவரே 1974-இல் எழுதிய ‘தி டாக்ஸ் ஆஃப் வார்’ வணிகவழி. மூன்றனுள் இதுவே ஆழ்ந்து நோக்கத்தக்கது. வணிகவழியில்தான் ஆதாயம் என்னும் சொல் அமர்த்துவோனுக்கும் அமர்த்தப்படுவோனுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது.

3. படிநிலை

முதற்புதினத்தில் கண்டறிந்த முறையை ஃபோர்சைத் ‘தி டாக்ஸ் ஆஃப் வா’ரில் விரிவாக்குகிறார். டி கோல் 1970-இல் இயற்கையாக இறந்தவர் என்பதால் கொலை நிறைவேறாது என்று அன்றைய வாசகர் அறிந்தே படித்தனர். எனவே ‘என்ன ஆகும்’ என்ற வினாவை விடுத்து ‘எப்படிச் செய்வான்’ என்பதைக் கதைநரம்பாக்க நேர்ந்தது. பொய்க் கடவுச்சீட்டும் தனியே செய்வித்த துப்பாக்கியும் அந்நூலில் அத்தனை இடம் பெறுவது அதனாலேயே.

இம்முறையை ஆயத்தவழிக் கதைகூறல் எனலாம். ‘டாக்ஸ் ஆஃப் வா’ரில் அது அமர்த்தல், திரட்டல், கடத்தல், தாக்கல், கைமாற்றல் என ஐந்து படிகளில் ஏறுகிறது. சங்காரோ என்னும் கற்பனை ஆப்பிரிக்க நாட்டு மலையில் பிளாட்டினம் இருப்பதை அறிந்த லண்டன் சுரங்க முதலாளி சர் ஜேம்ஸ் மேன்சன், ஆட்சியைக் கவிழ்க்க ஷானன் என்பவனை அமர்த்துகிறார். அடுத்த படியான திரட்டலில் ஆசிரியர் நெடிது தங்குகிறார். கப்பலும் ரப்பர்ப் படகுகளும் வாங்குவது, ஆயுதம் எந்நாட்டுக்கு என்பதற்கான இறுதிப் பயனர் சான்றிதழைப் பெறுவது, எண்ணெய்ப் பீப்பாய்களின் அடியில் இயந்திரத் துப்பாக்கிகளை மறைப்பது ஆகியவற்றைக் கணக்கர் பேரேட்டின் ஒழுங்கோடு விவரிக்கிறார். தாக்குதலோ ஓர் இரவில் முடிகிறது. இவ்விகிதம் நடப்பியலுக்கு ஒத்ததே. சங்காரோவுக்கு மாதிரியான எக்குவடோரியல் கினியாவைக் குறிவைத்து 2004-இல் சைமன் மான் என்னும் கூலிப்படைத் தலைவர் வகுத்த ஆட்சிக்கவிழ்ப்புத் திட்டம், ஆயுதம் ஏற்ற ஹராரேயில் இறங்கிய விமானம் பிடிபட்டதோடு முடிந்தது. படை சென்றுசேரவேயில்லை.

4. நோக்க மறைப்பு

செயல்களை முழுமையாகத் திறந்துகாட்டி, அவற்றை இயக்கும் எண்ணத்தை மட்டும் மூடிவைப்பதை நோக்க மறைப்பு என்போம். ஷானன் வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையும் நமக்குத் தெரியும். அவன் யாருக்காக வாங்குகிறான் என்பது தெரியாது. தெரியும் என்று நம்புகிறோம், அவ்வளவே. வெற்றிக்குப் பின் மேன்சனின் கைப்பாவையான கர்னல் பாபியை அவன் ஆட்சியில் அமர்த்துவதில்லை. கதைத் தொடக்கத்தில் தோற்று நாடு நீங்கிய தளபதி ஒருவரின் ஆட்களிடம் நாட்டை ஒப்படைக்கிறான். நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாஃப்ராவின் தலைவர் ஒஜுக்வுவை நினைவூட்டும் அத்தளபதிக்காக அவன் முன்பு போரிட்டவன். பயாஃப்ராப் போரை நேரில் கண்டு 1969-இல் அதைப் பற்றி நூல் எழுதிய ஃபோர்சைத்தின் சார்பு இங்கு மறைவின்றித் தெரிகிறது.

இம்முடிவைத் தனித்த வியப்பு உத்தியாகக் கொள்வது பிழை. ஐந்து புறக்கூறுகளும் ஷானனுக்குப் பொருந்துகின்றன. உயர்ந்த ஊதியமும் வாக்களிக்கப்பட்டிருக்கிறது. அகக்கூறு மட்டும் பொருந்தவில்லை. நெறிமுறை எழுதப்படுவதற்கு மூன்றாண்டு முன்பே, அதன் பிடிக்குள் அடங்காத ஒருவனைப் புதினம் படைத்துவிட்டது.

5. வரம்பு

இந்நுட்பம் ஒருவனுக்கே வழங்கப்பட்டிருக்கிறது என்பதே நூலின் பெருங்குறை. சங்காரோவின் கொடுங்கோலன் கிம்பாவைப் பித்தன் என்ற அளவில் ஆசிரியர் நிறுத்திவிடுகிறார். ஆட்சி மாற்றத்தால் வாழ்வு மாறப்போகும் சங்காரோ மக்களுக்கோ நோக்கம் என்று எதுவுமே சொல்லப்படவில்லை. அயலான் மனத்தை அறிய நானூறு பக்கம் காத்திருக்கப் பணிக்கும் புதினம், அந்நாட்டார் ஒருவரின் மனத்தையேனும் அவ்வாறு மூடித் திறந்திருக்க வேண்டும். நாடு மீண்டும் ஓர் அயலான் கையால் இன்னொருவர் கைக்கு மாறுகிறது. அதற்கு அவர்களது இசைவு உண்டா என்ற வினா கதைக்குள் எழவேயில்லை.