கடன் வாங்கிய வள்ளி

பொங்கல் நெருங்கினால் போதும், சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றி ஏதாவது ஓர் இதழில் ஒரு குறிப்பு வந்துவிடுகிறது. கபிலர் பாடிய கிழங்கு இது, வள்ளியம்மை பிறந்த குழியில் விளைந்ததும் இதுவே, ஆகவே இது ஈராயிரம் ஆண்டுத் தமிழ் உணவு என்று அது முடியும். கிழங்கு உடம்புக்கு நல்லது என்று சொல்லக் கபிலரைச் சாட்சிக்கு இழுப்பானேன்? இழுத்தாலும் அவர் இவர்கள் பக்கம் சாட்சி சொல்லமாட்டார்.

புறநானூற்று 109ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாரியின் பறம்பில் உழவர் உழாமலே விளையும் பொருள் நான்கு: மூங்கிலரிசி, பலா, வள்ளிக் கிழங்கு, தேன். கொடி கொழுத்தால் கிழங்கு ஆழ இறங்கும் என்கிறார் கபிலர். சர்க்கரைவள்ளி ஆழ இறங்குகிற கிழங்கா? பார் கட்டி, மண்ணைப் பொலபொலப்பாக்கி, கொடித்துண்டு நட்டால் மூன்று நான்கு மாதத்தில் மேல்மண்ணிலேயே பருத்துக் கிடப்பது அது. ஒரு முழம், இரண்டு முழம் என்று பாறையிடுக்கில் இறங்கிக் கடப்பாரைக்கும் கைக்கும் வேலை வைப்பது காட்டுவள்ளி. டயாஸ்கோரியா என்று தாவரவியலார் சொல்லும் இனம் அது. சர்க்கரைவள்ளியோ ஐப்போமியா. இரண்டும் கொடி, இரண்டும் கிழங்கு என்பதற்கு மேல் உறவு கிடையாது.

உறவு தேடித்தான் ஆகவேண்டும் என்றால் சங்க நூல்களிலேயே வேறு இரண்டு கொடிகள் இருக்கின்றன. பொய்கையில் படர்ந்து கிடக்கும் வள்ளை ஒன்று, வேலியில் ஏறும் தாளி ஒன்று. இரண்டுமே ஐப்போமியா. வள்ளைக்கீரையின் பூவையும் சர்க்கரைவள்ளியின் பூவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அக்காள் தங்கை என்று குழந்தைகூடச் சொல்லும். பெருமை பேசுகிறவர்கள் வள்ளையை விட்டுவிட்டு வள்ளியைப் பிடித்துக்கொண்டது ஓர் எழுத்துப் பிசகு போலும்.

இந்தக் குழப்பம் தீர நிகண்டைவிட ஆனைகட்டி உதவும். கோவையிலிருந்து அட்டப்பாடி வழியாக மன்னார்க்காட்டுக்குப் போகும் சாலையில் தமிழ்நாடு முடிந்து பாலக்காடு மாவட்டம் தொடங்கும் ஊர். (ஆனையைக் கட்டிய இடம் என்று ஊர்ப்பெயருக்குச் சொல்கிறார்கள். அதை நான் வம்புக்கு இழுப்பதில்லை.) தமிழ், மலையாளம், இருளம் மூன்றும் ஒரே தேநீர்க் கடையில் பேசப்படும் இந்த எல்லையில் 'வள்ளி' என்றால் என்ன என்று கேட்க வேண்டும். மலையாளிக்கு வள்ளி என்பது கொடி, வெறும் கொடி. கிழங்குக்கு அவர் மதுரக்கிழங்கு என்பார், வடக்கே போனால் சக்கரக்கிழங்கு. நடுவதற்கு வெட்டி வைக்கும் கொடித்துண்டைத்தான் வள்ளி என்பார். தமிழர் வள்ளியைத் தின்கிறார், மலையாளி வள்ளியை நடுகிறார். இதில் மலையாளியின் பொருளே பழையது. வளைதல், சுற்றுதல் என்னும் கருத்துள்ள வள் என்ற அடியிலிருந்து வளை, வள்ளம், வள்ளை, வள்ளி எல்லாம் வந்தன. கொடிக்கு வந்த பெயர் பிறகு கொடியின் கிழங்குக்கு ஆயிற்று. வடமொழி வல்லியிலிருந்து வந்தது என்பார் தமிழில் இத்தனை கிளை எப்படி விட்டது என்று சொல்லட்டும்.

கந்தபுராணத்திலும் இந்த முறைதான். வள்ளிக் கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தைக்கு வள்ளி என்று பெயரிட்டார்கள். கொடி, கிழங்கு, குழி, குழந்தை என்று பெயர் கைமாறிக்கொண்டே போகிறது. (தொல்காப்பியர் கொடிநிலை, கந்தழியோடு சேர்த்துச் சொன்ன வள்ளி எது என்று உரையாசிரியர்கள் மோதியது தனிக்கதை.) குழி என்றதும் குறுந்தொகை 233 நினைவுக்கு வருகிறது. அங்கே அகழப்படுவது கவலைக் கிழங்கு. தமிழ்ச் சமவெளியில் இன்று கவலை என்றால் மனக்கவலை மட்டுமே. கேரள மலைகளில் அது இன்னும் கிழங்கின் பெயர், அதுவும் ஒரு டயாஸ்கோரியாதான். பெயர் இப்படி மலைமேல் பிழைத்துக் கிடக்க, நாம் சந்தைக் கிழங்கில் சங்ககாலத்தைத் தேடுகிறோம்.

அப்படியானால் இந்தக் கிழங்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து, போர்த்துக்கீசியர் கையோடு. யாழ்ப்பாணத்தார் இதை மறைக்கவில்லை. அவர்கள் சொல்லும் வத்தாளங்கிழங்கும் சிங்களவர் சொல்லும் பத்தலவும் போர்த்துக்கீசிய பட்டாட்டாவின் பிள்ளைகள். மராத்தியர் அதே சொல்லை உருளைக்கிழங்குக்குக் கொடுத்துவிட்டார்கள். 'வற்றாளை' என்று றகரம் போட்டு எழுதி, வற்றாத ஆளை என்று பிரித்துப் பொருள் சொல்வாரும் உண்டு. அவர்களோடு வாதிட எனக்குப் பொழுதில்லை. நியூசிலாந்து மாவோரிகள் இக்கிழங்கைக் குமரா என்கிறார்கள். கொலம்பசுக்கு முன்பே தென்னமெரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகளுக்குக் கிழங்கோடு போன சொல் அது. குமரன், வள்ளி, கிழங்கு என்று யாரும் முடிச்சுப் போடுமுன் சொல்லி வைக்கிறேன்: அதற்கும் முருகனுக்கும் தொடர்பில்லை.

மலபாரில் நடந்தது இன்னும் சுவையானது. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ், ஏழாம் தொகுதியில் சர்க்கரைவள்ளியைப் படத்தோடு காட்டுகிறது. அங்கே அதன் பெயர் கப்பக்கிழங்கு! இன்று கப்பை என்றால் மரவள்ளி. அதுவும் அமெரிக்கச் சரக்கு. விசாகம் திருநாள் மகாராஜா 1880க்குப் பின் திருவிதாங்கூரில் ஊக்கிப் பரப்பிய பிறகு அது ஏழை வீட்டுச் சோறாயிற்று. பின்னால் பெருகிய கிழங்கு முன்னால் வந்ததன் பெயரைப் பறித்துக்கொண்டது. நெல்லையிலும் இதே கணக்குத்தான். அங்கே சர்க்கரைவள்ளி சீனிக்கிழங்கு, நாஞ்சில் நாட்டில் மரவள்ளி மரச்சீனி. நமக்கோ சர்க்கரைவள்ளி, மரவள்ளி. அடைமொழி இல்லாத வள்ளி ஒன்றுதான் மண்ணின் மகள், இந்த இரண்டு அடைமொழியோடு வந்தவை விருந்தாளி.

அந்தச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரை அன்று. இடுக்கி மாவட்டத்து மறையூர்ச் சர்க்கரை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, அது உருட்டிய வெல்லம். கொங்கிலும் நாட்டுச் சர்க்கரை என்றால் கரும்புப்பாகின் பழுப்புத் தூள். வெள்ளையாக இருப்பதைக் கொங்கு முதியவர்கள் அஸ்கா என்பார்கள், ஒடிசாவில் ஆலை இருந்த ஊரின் பெயர் அது. பெயரில் இருக்கும் சர்க்கரையைப் பார்த்து நீரிழிவுக்காரர்கள் இக்கிழங்கைத் தொடப் பயப்படுகிறார்கள். பயம் பெயரில் இல்லை, சமைப்பதில் இருக்கிறது. கிழங்கு மெல்லச் சூடேறும்போது அதிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைக்கிறது. கனலில் புதைத்துச் சுட்ட கிழங்கு தேனாக இனிப்பது அதனால்தான். ஜமைக்காவில் அளந்து பார்த்தபோது வேகவைத்ததன் சர்க்கரை ஏற்றக் குறியீடு 50க்கு உள்ளே நின்றது, சுட்டது 80ஐ ஒட்டியும் தாண்டியும் போனது. சுட்டதன் ருசிக்கு எதிராக நான் பேசமாட்டேன். ஆனால் தினம் தின்கிறவர் வேகவைத்துத் தின்னட்டும், அதுவும் சோற்றுக்கு மேல் அல்ல, சோற்றுக்குப் பதிலாக. நூறு கிராமில் 86 கலோரிதான், நார் 3 கிராம்.

வேகவைப்பதற்கு மலையாளத்தில் நல்ல சொல் இருக்கிறது, புழுக்கு. மார்கழித் திருவாதிரைக்குக் காச்சில், சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி எல்லாம் சேர்த்துத் தேங்காய் அரைத்துவிட்டுப் புழுக்கு செய்வார்கள். தமிழ் வீடுகளில் அதே நாளில் களியோடு கூட்டு. பொருநராற்றுப்படையில் புழுக்கு இறைச்சிக்கு வந்த சொல், நம்மிடம் புழுங்கல் அரிசியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தேங்காய் சேர்ப்பதில் ஓர் அறிவும் உண்டு. ஆரஞ்சுச் சதை உள்ள கிழங்கில் வைட்டமின் ஏ ஆகும் பீட்டா கரோட்டின் நிறைய இருக்கிறது, கொழுப்பு இருந்தால்தான் அது உடம்பில் சேரும். 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய நடுவண் கிழங்குப் பயிர் ஆய்வு நிலையம் ஸ்ரீ கனகா, பூ சோனா என்று அத்தகைய வகைகளைத் தந்திருக்கிறது. வெள்ளைச் சதையில் கரோட்டின் ஏறக்குறைய இல்லை. கத்தரிப்பூ நிறச் சதையின் சரக்கு வேறு.

கப்பக்கிழங்குக்கு வருகிறேன். கப்பலில் வந்ததால் கப்பை என்று கேரளத்தில் சொல்வதைப் பண்டிதர் சிலர் பாமரக் கதை என்று தள்ளுகிறார்கள். கப்பக்கிழங்கு கப்பல்கிழங்காக இருக்கலாம், ஆனால் அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.