குறை சொல்லச் சம்மதம் கேட்டவர்கள்

சிநேகிதனுடைய குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைப்பது நட்பின் கடமை என்று பெரியோர் காலந்தோறும் போதித்திருந்தாலும், அக்கடமையைத் தனிமனிதருடைய துணிவுக்கும் சுபாவத்துக்கும் விட்டுவிடாமல், வாரந்தோறும் கூடி நிறைவேற்றவேண்டிய நியமமாகவே ஏற்படுத்திக்கொண்ட கிறிஸ்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தார்கள்.

வழக்கத்தின் பிறப்பிடம் ஜெர்மனி. சாக்ஸனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறி, ஹெர்ன்ஹூட் என்னும் ஊரை அமைத்துக்கொண்ட மொராவிய சகோதரர்கள், 1727 முதல் சிறு சிறு குழுக்களாகக் கூடித் தத்தம் ஆத்துமாவின் நிலையை ஒருவருக்கொருவர் ஒளியாமல் பேசிவந்தார்கள். 1738இல் அவ்வூருக்குச் சென்று அவர்களோடு தங்கியிருந்து திரும்பிய, மெதடிஸ்த இயக்கத்தின் தலைவரான ஆங்கிலேயக் குரு ஜான் வெஸ்லி, அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதியிட்டு இத்தகைய குழுக்களுக்கு விதிகளை வகுத்தார். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் பதினாறாம் வசனமே அவற்றுக்கு ஆதாரம்.

வாரம் ஒருமுறையேனும் கூடவேண்டும். குறித்த நேரத்தில் வரவேண்டும். தெரிந்தே செய்த பாவம் என்ன, நேர்ந்த சோதனை என்ன, அதிலிருந்து மீண்ட வழி என்ன, பாவமோ அன்றோ என்று ஐயுறும்படி நினைத்ததும் சொன்னதும் செய்ததும் எவை என்ற வினாக்களுக்கு ஒவ்வொருவரும் விடையளிக்கவேண்டும். இவற்றினும் என் சிந்தையைக் கவர்ந்தவை, குழுவில் சேர்வதற்கு முன்னரே ஒருவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள். தம் குறைகளைப் பிறர் சொல்ல அவர் விரும்புகிறாரா, அதையும் மழுப்பாமல் சொல்ல விரும்புகிறாரா, தம்மைக்குறித்து மற்றவர்கள் நினைப்பதையும் கேள்விப்படுவதையும் அஞ்சுவதையும் அவ்வப்போது தெரிவிக்க இசைகிறாரா என்று படிப்படியாகக் கேட்டு, அவருடைய மனப்பூர்வமான சம்மதத்தைப் பெற்ற பிறகே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு, குழுவில் ஒருவர் தம் நிலையை முதலில் சொல்லி முடித்த பின்னரே மற்றவர்களை விசாரிக்கலாம் என்பதும் விதி. உண்மையைச் சொல்லுகிறேன் என்ற பெயரால் பிறரைப் புண்படுத்தி மகிழ்கிற மனிதர் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இருந்திருக்காது.

இது கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருவதாகும் என்று எதிரிகள் தூற்றினார்கள். குருவானவர் ஒருவரிடம் தனித்து அறிக்கையிடுவது வேறு, சமநிலையிலுள்ள சிலர் ஒருவர்முன் ஒருவர் மனம் திறப்பது வேறு என்று வெஸ்லி விடையிறுத்தார். அந்த விடை நியாயமானதே.

இக்குழுக்களையன்றி வேறொரு ஏற்பாடும் தோன்றியது. 1742இல் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்தக் கூடத்தின் கடனைத் தீர்க்க, அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்றும், பன்னிருவருக்கு ஒருவர் அதை வசூலிப்பதென்றும் ஏற்பாடாயிற்று. காசு வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள் இன்னின்னார் வாழும் விதத்தையும் கண்டு வந்து சொல்ல, அதுவே 'வகுப்பு' என்ற பெயரோடு மெதடிஸ்த சபையின் முதுகெலும்பாகிவிட்டது. 1814இல் இலங்கைக்கும் 1817இல் சென்னைக்கும் வந்த வெஸ்லியன் மிஷனெரிமார் இந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்களே.

இத்தனை விதி வகுத்த வெஸ்லிக்கும் அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு நாளைய சிநேகிதரான ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டுக்கும் இடையிலேயே சோதனை வந்தது. தேவன் சிலரை மட்டும் இரட்சிப்புக்கென்று முன்குறித்தார் என்ற கொள்கையை மறுத்து வெஸ்லி 1739இல் பிரசங்கித்து, அதை அச்சிட்டும் வெளியிட்டார். ஒயிட்ஃபீல்டு அவருக்கு அந்தரங்கமாக எழுதிய கடிதமொன்றை யாரோ அவ்விருவருடைய அனுமதியுமின்றி அச்சிட்டு, 1741 பிப்ரவரியில் லண்டன் கூடத்தின் வாசலிலேயே வழங்க, வெஸ்லி ஒரு பிரதியை வாங்கி, ஒயிட்ஃபீல்டு இங்கிருந்தால் செய்வதையே நானும் செய்கிறேன் என்ற கருத்துப்படச் சொல்லிச் சபையார் முன் கிழித்துப் போட்டார்; அங்கிருந்தோரும் தத்தம் பிரதிகளைக் கிழித்தார்கள். எனினும், 1740 டிசம்பரில் ஜார்ஜியாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு எழுதிய பகிரங்க மறுப்பு 1741இல் லண்டனில் அச்சேறியபோது, தமக்கும் நண்பருக்கும் மட்டுமே தெரிந்திருந்த, வெஸ்லி முன்னொருகால் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்த செய்தியை அதில் ஊரறிய எழுதியிருந்தார். சொன்னது பொய்யன்று, ஆனால் அது நட்பின் நம்பிக்கையில் கிடைத்த செய்தி. அதை வெளியிட்டது தவறு என்று அவரே பிற்காலத்தில் அச்சிலேயே ஒப்புக்கொண்டு வருந்தினார். கொள்கை வேற்றுமை தீராமலே சிநேகம் திரும்பியது. ஒயிட்ஃபீல்டு 1770 செப்டம்பர் 30இல் அமெரிக்காவில் காலமானபோது, நவம்பர் 18ஆம் தேதி லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

அடுத்த நூற்றாண்டில் சிறு குழுக்கள் தேய்ந்து மறைந்தன. வகுப்புக்கு வந்தே தீரவேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்காவின் தென்பகுதி மெதடிஸ்த சபை 1866இல் நீக்கியது. பெருகிய சபையில் அங்கத்தினர் பதிவேடு நீண்டதே தவிர, தன் குறையை முதலில் சொல்லத் துணிபவர் தொகை அதற்கேற்ப வளரவில்லை என்பதே இதற்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.