வஜா முதல் நிவாரணம் வரை: பாராமகால் மண்ணின் வெள்ளக் கணக்கு

புலவர்கள் மன்னரைப் பாடிப் பொன் பெற்றதையும், யானை பெற்றதையும், ஊர் பெற்றதையும் நாம் படித்திருக்கிறோம். நிலத்தின் பழைய வரி நிலுவையை நீக்கும்படி பாடிப் பெற்ற புலவர் ஒருவரும் நம் மரபில் இருக்கிறார். வெள்ளைக்குடி நாகனார் என்பது அவர் பெயர். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை நோக்கி அவர் பாடியது புறநானூற்றின் 35-ஆம் பாட்டாக நிற்கிறது. மழை பொய்த்தாலும், விளைச்சல் குன்றினாலும், இயற்கைக்கு மாறானவை நேர்ந்தாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்பது அப்புலவர் சொன்ன செய்தி. இயற்கையின் கேட்டுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்து மேல்நாட்டுச் சட்ட நூல்களிலிருந்து நமக்கு வந்ததன்று என்பதற்கு இந்தப் பாட்டு ஒன்றே போதிய சான்று.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் கவிதையைப் பற்றி எழுதாமல் வெள்ள நிவாரணத்தைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று அன்பர்கள் கேட்கலாம். நாகனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டே இதனை எழுதத் துணிகிறேன். மேலும், மத்தூரில் அமர்ந்து இதனை எழுதுவதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. உழவனின் வயலை ஒவ்வொன்றாக அளந்து, அவன் பெயரை ஏட்டில் ஏற்றி, அவனோடு நேரே கணக்குப் பார்க்கும் அரசுமுறை பிறந்தது நம்முடைய இந்த வட்டாரத்திலேதான். இன்று வெள்ளத்தில் பயிரிழந்தவன் உதவி பெறுவதும் பெறாமற்போவதும் அந்த ஏட்டைப் பொறுத்தே அமைகின்றன.

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதனுள் அடங்கும். அதை ஆள அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீட் என்னும் படை அதிகாரி. அவருக்குத் துணையாக வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை ஏழாண்டுகள் மன்றோ இப்பகுதியில் பணிபுரிந்தார். பாளையக்காரரையும் ஊர்க் குத்தகைதாரரையும் இடையில் வைக்காமல், உழவனிடமே தீர்வை வாங்கும் முறையை ரீட் இங்கே வகுத்தார். அதுவே இரயத்துவாரி. பின்னர் மன்றோ சென்னை மாகாண ஆளுநராக ஆன 1820-இல் அது மாகாணத்தின் பொது முறையாயிற்று.

வயலை அளந்தவர்கள் அதன் விளைவுக்கும் விலை வைத்தனர். அந்த விலை சில இடங்களில் உழவனால் தாங்க முடியாததாக இருந்தது. 1807-இல் மன்றோவே தீர்வையில் நூற்றுக்கு 25 பங்கைக் குறைக்கலாம் என்று எழுதினார் என்றால் சுமையின் அளவை நாம் உணரலாம். வயல் அழிந்த ஆண்டில் என்ன செய்வது? அதற்கு ஏற்பட்ட வழிதான் 'வஜா'. ரெமிஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கணக்குப்பிள்ளைகள் வழங்கிய சொல் இது. நீர் இன்றியோ நீர் மிகுந்தோ நன்செய்ப் பயிர் கெட்டால், அதிகாரி வந்து பார்த்து, ஜமாபந்தியில் தீர்வையைத் தள்ளிக் கொடுப்பார். புன்செய்க்கு அந்தச் சலுகை பொதுவாக இல்லை. நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் சேர்த்தே புன்செய்த் தீர்வை குறைவாக விதிக்கப்பட்டிருக்கிறது என்பது அதிகாரிகளின் வாதம். பாராமகாலோ பெரும்பாலும் புன்செய் பூமி. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைந்த மண். முறை பிறந்த ஊருக்கே முறையின் சலுகை அரிதாகக் கிட்டியது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வஜா என்பது வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவது. இழந்ததைத் திருப்பித் தருவது அன்று. போன விதைக்கும், செத்த மாட்டுக்கும், கூலிக்கும் அதில் இடமில்லை. கையில் ஏதேனும் வேண்டுமானால் 'தக்காவி' என்னும் கடன் உண்டு. 1883-இலும் 1884-இலும் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் அக்கடனை ஒழுங்குபடுத்தின. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது ஆண்டுப் பஞ்சம் அப்போதைய சேலம் மாவட்டத்தைச் சூறையாடிய பின்னர், 1880-இல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை தந்தது. அதன் வழியே பஞ்ச விதிகள் பிறந்தன. அவை மனிதன் பட்டினியால் சாவதைத் தடுக்க எழுந்தவை. உழவன் உழவனாகவே நீடிக்க வேண்டும் என்ற கவலை அவற்றில் குறைவு.

வெள்ளம் நமக்குப் புதிதன்று. 1903 நவம்பரில் பாலாறு பெருகி அண்டையிலுள்ள வாணியம்பாடியில் பலரை வாரிக்கொண்டு போயிற்று. மாண்டவர் நினைவாக அவ்வூரில் தூண் எழுப்பினர். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமோ நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை மீட்கப் போய் உயிர் துறந்தவனுக்குக் கல் நட்ட மண் இது. ஆயினும் மணல் மூடிய வயலுக்கு எவரும் கல் நட்டதில்லை. பயிரின் சாவு ஊர்க் கணக்கில் ஒரு வரியாக எழுதப்பட்டு, அடுத்த ஆண்டின் ஏட்டுக்கு அடியில் புதைந்துவிடுகிறது.

விடுதலைக்குப் பின் நிதிக்குழுக்கள் இதற்கென வழி வகுத்தன. இரண்டாம் நிதிக்குழு மாநிலங்கள் பேரிடர்ச் செலவுக்காக ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கச் செய்தது. ஒன்பதாம் நிதிக்குழுவின் பரிந்துரையால் 1990-இல் பேரிடர் நிவாரண நிதி உருவாயிற்று. மைய அரசு நான்கில் மூன்று பங்கும் மாநிலம் ஒரு பங்கும் தந்தன. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2010-இல் மாநிலப் பேரிடர் மீட்பு நிதி என்ற பெயர் வந்தது. 2015 வரை பயிரில் பாதி அழிந்தால்தான் உதவி. அவ்வாண்டில் அந்த வரம்பு நூற்றுக்கு 33 எனக் குறைக்கப்பட்டது. இவை சிறிய மாற்றங்களல்ல. வாங்காமல் விடுவதிலிருந்து கையில் கொடுப்பதற்கு அரசு வந்து சேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

இனி நம் கண்முன் நடந்ததற்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள நாம் புயலைச் செய்தியாகக் கேட்டே பழகியவர்கள். ஆனால் அது உள்நாட்டில் மெல்ல நகர்ந்து நம் தலைக்கு மேல் நின்றது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 503 மில்லி மீட்டர். மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையில் பாதிக்கும் மேற்பட்டது ஒரே நாளில் கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. நிறுத்தி வைத்திருந்த வண்டிகள் ஊத்தங்கரைச் சாலையில் காகிதப் படகுகளைப் போல் உருண்டன. தென்பெண்ணையில் சேர்ந்த நீர் சாத்தனூர் அணைக்குப் பாய, அன்று விடியுமுன் அங்கிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. கீழேயுள்ள விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் வயல்கள் நீரில் மறைந்தன. நந்தி மலைப் பக்கத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு பிறந்து, ஓசூர் வழியே நம்மிடம் வரும் ஆறு, நம் மழையையும் சுமந்துகொண்டு கீழ்நாட்டு உழவனின் வாசலுக்குப் போயிற்று.

மாநிலத்தில் 2,11,139 ஹெக்டேர் வேளாண், தோட்டக்கலைப் பயிர் நிலங்கள் மூழ்கியதாக அரசின் முதற்கட்ட மதிப்பீடு கூறியது. அரசு அறிவித்த தொகைகள் இவை: நெல் உள்ளிட்ட பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் ரூ.22,500; மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500; பசு, எருமைக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000, கோழிக்கு ரூ.100. இவற்றை நம் ஏக்கர் கணக்கில் மாற்றினால் நெல்லுக்கு ஏறத்தாழ ரூ.6,900, மானாவாரிக்கு ஏறத்தாழ ரூ.3,400. 2025 பிப்ரவரியில் 18 மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 5,18,000 விவசாயிகளுக்கு ரூ.498.80 கோடி ஒதுக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக ரூ.9,600 அளவில் வரும்.

இத்தொகையை இகழ்வதற்காக இதனை எழுதவில்லை. வெறுங்கையோடு நின்ற தாத்தாவுக்கு இது கிடைத்திருந்தால் அவர் ஊரை விட்டுப் போயிருக்கமாட்டார் என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் அத்தொகையின் பெயரை நாம் படித்துப் பார்க்க வேண்டும். 2022 முதல் 2026 வரைக்கான மைய அரசின் விதியில் இதன் பெயர் 'இடுபொருள் மானியம்'. அதாவது, அடுத்த விதைப்புக்கு ஒரு கைத்தாங்கல். இரண்டு ஹெக்டேர் என்பது அதன் உச்சவரம்பு. வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000; ஆறு திசை மாறி நிலத்தையே கொண்டுபோனால் சிறு, குறு உழவர்க்கு ஹெக்டேருக்கு ரூ.47,000. இன்று இவ்வட்டாரத்தில் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் எடுத்தால் அதற்குச் சட்டம் வழங்கும் பெயர் 'இழப்பீடு'. சந்தை மதிப்பிலிருந்தே அந்தக் கணக்கு தொடங்குகிறது. ஆறு எடுத்துக்கொண்ட நிலத்துக்குப் பெயர் 'உதவி'. ஒரே நிலம், இரண்டு சொற்கள், இரண்டு தொகைகள்.

இரண்டாவது செய்தி ஏட்டைப் பற்றியது. வருவாய்த் துறையாரும் வேளாண், தோட்டக்கலைத் துறையாரும் கூடிக் கணக்கெடுக்கின்றனர். அவர்கள் பார்ப்பது சிட்டாவையும் அடங்கலையும். ரீட் காலத்தில் தீர்வைக்காக எழுதத் தொடங்கிய வழக்கம் அது. 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது எழுதும் கை மாறியது, ஏடு மாறவில்லை. வாரத்துக்கும் குத்தகைக்கும் வாய்மொழியாக நிலம் பிடித்து உழுபவன் பெயர் அதில் பெரும்பாலும் ஏறுவதில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் வந்தது. ஆயினும் பதிவு செய்தால் நிலத்தைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் இருவருமே வாய் திறப்பதில்லை. எனக்குத் தெரிந்த குத்தகை உழவர் ஒருவர், ஃபெஞ்சலுக்குப் பின், "வெள்ளம் என் பேரைக் கேக்காமத்தான் வந்துச்சுங்க, பணம் மட்டும் பேரைக் கேட்டுக்கிட்டு வருது" என்றார். அவர் எவரையும் குறை கூறவில்லை. எழுத வந்தவர்கள் விதிப்படியே எழுதினர். நிலத்துக்கு உடையவர் நல்லவராதலால் வந்ததில் பாதியை அவரிடம் கொடுத்தார். நல்லவராக இல்லாதிருந்தால் என் செய்வது? ஒருவருடைய நற்குணத்தின்மேல் கட்டிய நீதி உறுதியான கட்டடம் ஆகாது.

காப்பீடு இக்குறையைத் தீர்க்கும் என்பர். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவனின் பங்கு காரிஃப் உணவுப் பயிருக்கு நூற்றுக்கு 2, ராபிக்கு ஒன்றரை. ஆனால் முக்கியப் பயிர்களுக்கு இழப்பைக் கணிக்கும் அலகு பொதுவாகக் கிராமமே. தனி வயலில் நீர் தேங்கி நெல் அழுகும் இடர் 2018-இல் விலக்கப்பட்டு, 2026 காரிஃப் முதல் மீண்டும் சேர்க்கப்படும் என 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் அந்த வயல் எந்தக் கணக்கிலும் இல்லாமல் கிடந்தது.

நாகனார் காலம் முதல் நம் காலம் வரை வழங்கிய சொற்களை வரிசையில் வைத்துப் பார்க்கிறேன்: வஜா, தக்காவி, நிவாரணம், மானியம். கொடுப்பவனின் கையையே இவை காட்டுகின்றன. இழந்தவனின் இழப்பை அளந்து பேசும் சொல் ஒன்றே ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. அது 'இழப்பீடு'. இழப்பு ஒரு தட்டிலும் ஈடு மறு தட்டிலும் நிற்க, முள் நேராக நிற்பதே அச்சொல்லின் பொருள். மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் நிவாரணத்தையே இழப்பீடு என்று நாம் மாற்றி வழங்குகிறோம். அவ்வாறு வழங்கும்போது, கொடுக்கப்படாத ஒன்றைக் கொடுத்ததாக நாமே ஒப்புக்கொள்கிறோம். 2021-இல் உச்ச நீதிமன்றம், பேரிடர்ச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் கூறிய குறைந்தபட்ச உதவிக்கு நெறிமுறை வகுப்பது அரசின் கட்டாயக் கடமை என்று தீர்ப்பளித்தது. கருணை கடமையாக மாறத் தொடங்கியதற்கு அது ஓர் அடையாளம். கடமை உரிமையாக மாறுவதற்கு உழுபவனின் பெயர் ஏட்டில் ஏற வேண்டும். சொல்லும் பொருளும் ஒன்ற வேண்டும்.

பெயரை ஏற்றுவது அரசின் வேலை. சொல்லைக் காப்பது நம் வேலை. வெள்ளைக்குடி நாகனார் தமக்குப் பொன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை அதன் பெயர் சொல்லிக் கேட்டார். அரசன் கொடுத்தான். மழைக்காலம் ஆண்டுதோறும் வருகிறது. பாம்பாறும் தென்பெண்ணையும் மீண்டும் பெருகும். அப்போது நம் வட்டத்துக் கவிஞர்கள் வெள்ளத்தைப் பாடட்டும். பாடும்போது இழப்பை இழப்பென்றும், உதவியை உதவியென்றும், ஈட்டை ஈடென்றும் எழுதட்டும்.