புக்கிட் தெங்காவும் நாய்க்கு இட்ட எல்லையும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையே அமைந்த புக்கிட் தெங்காவின் சரித்திரம் ஓர் எல்லைக்கோட்டிலிருந்தே ஆரம்பமாகிறது. 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டு, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் ஒரு நீண்ட நிலப்பட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்று, அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று நாமகரணம் செய்தனர். 19ஆம் நூற்றாண்டின் மத்தியில் அம்மாகாணத்தில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் வந்திறங்கினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு இருந்த இடத்தை ரப்பர் கைப்பற்றியது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையும் மலாயாவில் ஒழிந்தது. தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே பிறந்து, உழைத்து, மடிந்த அம்மக்களோடு கூடவே வாழ்ந்த ஜீவன் நாய். அதற்கு மனிதன் வகுத்த எல்லைகளின் கதையைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டப்புறத்து லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்றவை. வீட்டுக்கு வீடு வேலி கிடையாது. இரவில் அந்நியர் நடமாட்டத்தை அறிவித்தும், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை விரட்டியும் தன் கடமையைச் செய்த தோட்டத்து நாய், எந்த வாசல் தனக்குச் சோறிடும் வாசல், எந்த வாசலை மிதித்தால் அதட்டல் கிடைக்கும் என்பதைக் குட்டிப் பருவத்திலேயே கற்றுக்கொண்டது. கற்பித்தவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே ஆவர். அன்றாடம் ஒரே குரலில், ஒரே சொல்லில், ஒரே இடத்தில் நிகழ்ந்த அந்தச் சிட்சைக்குச் சாஸ்திரப் பெயர் ஏதும் இருக்கவில்லை. ஆயினும் பிற்காலத்து விஞ்ஞானம் கண்டறிந்த விதிகள் யாவும் அதில் அடங்கியிருந்தன.

தோட்டத்துக் குரல் எட்டாத இடத்தில் அரசாங்கம் தன் எல்லையை வகுக்க நேர்ந்தது. வெறிநாய்க்கடி நோய் மலாயாவில் கொடுமையாகத் தலைதூக்கியபோது, 1952இல் நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கப்பெற்றது. அதன் பலனை விவரித்து சி. டபிள்யூ. வெல்ஸ் எழுதிய கட்டுரையை உலக சுகாதார ஸ்தாபனம் தன் சஞ்சிகையில் 1954இல் பிரசுரித்தது. அடுத்த ஆண்டில், தாய்லாந்தை ஒட்டிய வட மாநிலங்களில் தடுப்பூசி பெற்ற நாய்களைக் கொண்டே ஒரு காப்பு வளையம் அமைக்கப்பட்டது. கம்பியோ சுவரோ இல்லாத அந்த வேலி பல பத்தாண்டுகள் நோயைப் பெரும்பாலும் அண்டவிடாது காத்தது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் நோய் மீண்டும் தோன்றியபோது, தெருநாய்களைக் கொல்லப் பினாங்கு அரசு முற்பட்டதும், பிராணிநலம் பேணுவோர் அதனை எதிர்த்துக் குரலெழுப்பியதும் அண்மைச் சரித்திரம்.

இதற்கிடையே ஊரின் உருவமே மாறிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிற்பேட்டைகளும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளும் எழுந்தன. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினர். நாயின் ஈர மூக்கோ எச்சிலோ பட்டுவிட்டால், ஒருமுறை மண் கலந்த நீராலும் மற்ற ஆறு முறை சுத்த நீராலும் கழுவித் தூய்மை பெறவேண்டும் என்பது இஸ்லாமியரின் ஆசாரம். ஆகவே, ஒருவன் வளர்க்கும் நாய் தன் மனையின் எல்லைக்குள் நிற்பது அயலாரின் சமய வாழ்வுக்கு அவன் செலுத்தும் மரியாதையும் ஆகிறது. சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் உடைய வரிசை வீட்டில் இது எளிது. கம்பத்து (கிராமத்து) வீட்டிலும் அகன்ற மனையிலும் வேறு உபாயம் தேடவேண்டியிருக்கிறது.

அத்தகைய உபாயங்களுள் ஒன்றை அமெரிக்கர் ரிச்சர்டு பெக் கண்டுபிடித்து, 1973இல் காப்புரிமை பெற்றார். மனையைச் சுற்றி மண்ணுக்கடியில் ஒரு கம்பியைப் புதைத்து, ஒரு சிறு யந்திரத்தால் அதில் வானொலிச் சமிக்ஞையைச் செலுத்துகிறார்கள். நாயின் கழுத்துப்பட்டையில் உள்ள கருவி, கம்பியை அது நெருங்கும்போது முதலில் ஒலி எழுப்பும், அதையும் மீறினால் தோலில் ஒரு மின்னதிர்ச்சியைத் தரும். கேட்பதற்கு மிக எளிய யந்திரம். ஆனால் யந்திரத்தை மட்டும் விலைக்கு வாங்கியவன் வேலியை வாங்கியவன் ஆகமாட்டான்.

இந்த உண்மைக்கு விஞ்ஞானிகளின் சோதனைகளே சாட்சி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு சாலமனும் லைமன் வின்னும் 1953இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விளக்கணைந்த சில விநாடிகளில் அதிர்ச்சி வரும் என்று கண்ட நாய்கள், அது வருமுன் தடுப்பைத் தாண்டிக் குதிக்கக் கற்றதோடு, அதிர்ச்சி முற்றிலும் நின்ற பிறகும் நூற்றுக்கணக்கான முறை அவ்வாறே குதித்தன. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் வெளியிட்ட சோதனையிலோ, எவ்விதத்திலும் தப்ப வழியற்ற அதிர்ச்சியைப் பெற்ற நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர் வழி கிடைத்தபோதும் எழ முயலாமல் படுத்துவிட்டன. அபாயத்தை முன்கூட்டி உணர்த்தும் அடையாளமும் தப்பும் வழியும் தெரிந்த நாய் எல்லையை அறிகிறது. அவ்விரண்டும் தெரியாத நாய் பயத்தை மட்டுமே அறிகிறது.

ஆதலின் முறைப்படி பழக்குவோர், கம்பியின் வழியே சிறு கொடிகளை நட்டு, கயிற்றில் பிடித்த நாயை எல்லையோரம் நடத்தி, ஒலி கேட்ட கணமே வீட்டுப்பக்கம் திருப்பி, திரும்பியதற்காகத் தின்பண்டமும் பாராட்டும் அளிக்கிறார்கள். நாள்தோறும் சிறிது நேரமாகச் சில வாரங்கள் இது நடந்தபின்னரே கொடிகள் ஒவ்வொன்றாக அகற்றப்படுகின்றன. இவ்வளவும் செய்த பின்னும் அவ்வேலி வெளியிலிருந்து வரும் தெருநாயைத் தடுக்காது. கம்பி அறுந்தால் செயலற்றுப்போகும். பட்டையை நெடுநேரம் கழற்றாதிருந்தால் கழுத்தில் புண் உண்டாகும். வேல்ஸ் தேசம் மின் கழுத்துப்பட்டைகளை 2010இல் அடியோடு தடைசெய்தது. மலேசியாவும் 2015இல் விலங்கு நலச் சட்டம் இயற்றி, பிராணியின் நலனுக்கு உரிமையாளனைப் பொறுப்பாளி ஆக்கியிருக்கிறது.

அதட்டலாலும் சோற்றாலும் அமைந்த தோட்டத்து எல்லையையும், தடுப்பூசியால் அமைந்த அரசாங்க எல்லையையும், மண்ணில் புதைந்த கம்பியையும் ஒருசேர நோக்கும்போது, இவை யாவற்றையும் நிலைநிறுத்தியது மனிதனின் இடையறாத கவனமே என்பது விளங்கும். கவனம் தளர்ந்த இடத்தில் அதன் துன்பத்தை முதலில் அனுபவித்தது வாயில்லா ஜீவனே. புக்கிட் தெங்காவில் இன்று நாய் வளர்க்க விரும்பும் நம்மவர், உரிமம் பெற்று, தடுப்பூசி இட்டு, அயலாரின் மனமறிந்து, முதலில் தம் குரலாலும் கையாலும் அதைப் பழக்குவாராக. அதற்கு நேரம் ஒதுக்க இயலாதவர் கம்பியைப் புதைக்க உரிமையற்றவர் என்பதே என் திடமான அபிப்பிராயம்.