பரண் ஏறின துப்பாக்கி

வேட்டைக் கதை எழுதுகிறவர்கள் துப்பாக்கி வெடிக்கிற நொடியைத்தான் விரித்து எழுதுவார்கள். வெடிக்காமல் அது மடியில் கிடந்த இரவு இரண்டே வரியில் முடிந்துவிடும். எனக்கு அந்த இரவின் மேல்தான் அக்கறை. என் அப்பா சேலத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். ஏற்காட்டு எஸ்டேட்காரர்களின் இரட்டைக் குழலும், பென்னாகரம் பக்கத்து விவசாயிகள் பன்றிக் காவலுக்கு லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த கேப்புத் துப்பாக்கியும் அவர் மேசையில் ஒன்றாகக் கிடக்கும். தேய்மானத்தைப் பார்த்தே, "இது பரண் ஏறினதுடா" என்பார். கட்டையின் கழுத்தில் கயிறு பட்ட தடம் இருக்கும். அடித்து வெடிக்கவைக்கும் குதிரையைப் பாதியில் நிறுத்தும் வெட்டு மழுங்கியிருக்கும்.

தினைக்கும் கேழ்வரகுக்கும் காவல் இருந்த நம் சனங்களுக்கு மரத்தில் கட்டும் பரண் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைகள் புலிக்காகவும் சிறுத்தைக்காகவும் மரமேறியபோது அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் அந்தந்தக் காட்டு மக்கள்தான். அதற்குக் கயிற்றுக் கட்டில்தான் பெரும்பாலும் பயன்பட்டது. மரப்பலகை உடம்பு அசையும்போதெல்லாம் முனகும், கயிறு முனகாது. மறைப்புக்கான தழையைத் தொலைவிலிருந்து வெட்டி வருவார்கள். பக்கத்தில் வெட்டினால் புது வெட்டுக்காயமே விலங்குக்குச் சேதி சொல்லிவிடும். துரையை மேலே ஏற்றிவிட்ட பிறகு ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே ஊருக்குத் திரும்புவார்கள். எங்கோ படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் புலி, வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று நம்பவேண்டும்.

இனிமேல்தான் துப்பாக்கியின் சிக்கல். சத்தம் வரக்கூடாது என்றால் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும்: தோட்டா உள்ளே, குதிரை மேலே. பத்திரமாக இருக்கவேண்டும் என்றால் கடைசி நொடிவரை எதுவும் தயாராக இருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் பரண் வேட்டைக்காரர்களின் பெரிய கவலை. துப்பாக்கி செய்தவர்களும் தலைமுறை தலைமுறையாக இதற்குத்தான் விடை தேடினார்கள்.

குழல்வாய் வழியாக மருந்து இடித்த காலத்தில் விடை எளிது. மருந்தும் ரவையும் கீழேயே ஏறிவிடும். பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் மடியில் இருக்கும். பரணில் உட்கார்ந்து, குழலைக் காட்டுப் பக்கம் திருப்பிய பிறகுதான் அதைப் பொருத்துவார்கள். ஆனால் குதிரையை முழுக்க இழுக்கும்போது வருகிற 'க்ளிக்' சத்தம், காற்றில்லாத ராத்திரியில் புலியின் காதுக்கு எட்டிவிடும். அதற்காக ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். விசையை அழுத்திப் பிடித்தபடியே குதிரையைப் பின்னுக்கு இழுத்து, விசையை விட்டபின் குதிரையை மெதுவாக உட்காரவிடுவது. சத்தமே வராது. வியர்த்த கட்டைவிரல் வழுக்கினால் துப்பாக்கி வெடித்துவிடும். "பாதியில நிக்காத குதிரை வெறிநாய் மாதிரிடா, வாசல் தாண்ட விடக்கூடாது" என்று சொல்லி, வெட்டைச் சரிசெய்யாமல் எந்தத் துப்பாக்கியையும் அப்பா திருப்பிக் கொடுக்கமாட்டார்.

1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியின் ஆன்சனும் டீலியும் குதிரையைப் பெட்டிக்குள் மறைத்த இரட்டைக் குழலுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். குழலைத் திறந்தாலே உள்ளிருக்கும் குதிரை ஏறிவிடும். வெளியே மிஞ்சியது பாதுகாப்புப் பூட்டு ஒன்றுதான். அதையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக நகர்த்தினால் ஓசை தெரியாது. மவுசர் வகை ரைஃபிள் வந்தபோது வேறு சிக்கல். அதன் போல்ட்டை இழுத்துத் தள்ளும் இரும்புச் சத்தத்தை எப்படியும் மறைக்க முடியாது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி .275 இந்த வகைதான். உட்கார்ந்ததும் ஒரே தடவை போல்ட்டை மூடிவிட்டு, அதன்பின் பூட்டை நம்பி இருப்பதுதான் வழி.

தருமபுரி, ஓசூர் காடுகளில் பெயர் பெற்ற வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். நெம்புகோலைக் கீழே இழுத்துத் தோட்டா ஏற்றவேண்டும். கட்டிலில் சம்மணமிட்டு இருப்பவனுக்கு அந்த நெம்புகோல் முழங்காலில் இடிக்கும். தனிப்பூட்டு கிடையாது, குதிரை வெளியே தெரியும், அதைப் பாதியில் நிறுத்தி வைப்பதுதான் காவல். கேப்புத் துப்பாக்கிக் காலத்துப் பாடத்தை இருபதாம் நூற்றாண்டு ரைஃபிளிலும் படிக்கவேண்டியிருந்தது.

வைக்கும் விதத்திலும் நுட்பம் உண்டு. வலக்கைக்காரன் இரை தன் இடப்பக்கம் இருக்கும்படி உட்காரவேண்டும். இடுப்பைத் திருப்பாமலே குழல் அந்தப் பக்கம் சுலபமாகப் போகும். குழலின் முனை தழைத் திறப்புக்குள் முதலிலிருந்தே இருக்கவேண்டும். விலங்கு வந்த பிறகு தூக்கினால் அந்த அசைவே காட்டிக்கொடுத்துவிடும். பரணில் இன்னொருவர் இருந்தால் முனை எந்நேரமும் அவருக்கு எதிர்ப்புறம்தான். இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கார்பெட்டின் காதே சாட்சி. 1929-இல் ஒரு வேட்டையின்போது உடன் வந்தவரின் கனத்த ரைஃபிள் காதருகே வெடித்து அவருக்குச் செவிப்பறை கிழிந்தது. அந்த ரணத்தோடுதான் தல்லா தேஸ் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனார்.

இருட்டு இன்னொரு தொல்லை. 1926 மே மாதத் தொடக்கத்தில் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தைக்காகக் கார்பெட் குலாப்ராயில் ஒரு மாமரத்தில் இருந்தார். 125 பேரைக் கொன்றதாக அரசு கணக்கு வைத்திருந்த சிறுத்தை அது. கீழே பாதையில் ஓர் ஆடு, அதன் கழுத்தில் மணி. பக்கத்திலேயே யாத்ரீகர்கள் தங்கும் இடம். சத்தம் கேட்ட திசையில் சுட்டுத் தள்ளமுடியாத இடம். மணி அசைந்ததும் துப்பாக்கியில் பொருத்தியிருந்த டார்ச்சை அழுத்தினார். வெளிச்சத்தில் சிறுத்தை தெரிந்த பிறகுதான் சுட்டார். சுட்ட அந்த நொடியிலேயே டார்ச் அணைந்துவிட்டது. விடியும்வரை கீழே இறங்கவில்லை.

இறங்காமல் இருந்ததும் ஒரு விதிதான். ஏற்றமும் இறக்கமும்தான் ஆபத்தான நேரம். இரண்டு கையும் மரத்துக்கு வேண்டும். ஆகவே துப்பாக்கி ஆளோடு ஏறாது. தோட்டா எடுத்த துப்பாக்கியைக் குழல் கீழ்நோக்கக் கயிற்றில் கட்டி, ஆள் உட்கார்ந்த பின் இழுத்துக்கொள்வார்கள். அப்பா காட்டிய கயிற்றுத் தடம் இதனால் வந்தது. இறங்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கவேண்டும். ஆனால் அடிபட்ட விலங்கு புதரில் கிடக்கலாம் என்ற பயத்தில் தோட்டாவை எடுக்க மனம் வராது. அந்தத் தோட்டா இருந்த துப்பாக்கியைக் கீழே நின்று வாங்கியவர், காலையில் ஊரிலிருந்து வந்த கூலியாள். துரைமார் நூல்களில் புலியின் நீளத்தை முளைக்கு முளை அளப்பதா, உடம்பின் வளைவோடு அளப்பதா என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். அந்த ஆளின் பக்கம் குழல் திரும்பாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி அதே அக்கறையோடு எழுதிய பக்கங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மறு ஆண்டு புலிகள் காப்புத் திட்டம். அப்பாவின் மேசையில் கூட்டம் குறைந்தது. ஆனால் பரண் ஒழிந்துவிடவில்லை. மகாராஷ்டிரக் காடுகளில் புத்த பூர்ணிமை நிலவொளியில் தண்ணீர்த் துறைகளுக்கு மேல் பரண் கட்டி, காகிதமும் பென்சிலுமாக விலங்குகளை எண்ணினார்கள். மான் வேட்டை அனுமதி உள்ள அமெரிக்காவில், மரமேறுகிறவனுக்கான பாதுகாப்புப் பாடத்தில் இன்றும் தோட்டா எடு, கயிற்றில் கட்டு, பிறகு இழு என்றுதான் சொல்லித்தருகிறார்கள். பென்னாகரத்துக் கேப்புத் துப்பாக்கிக்காரரிடம் அப்பா துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது இதையேதான் சொல்லி அனுப்புவார். கேப்பு மடியில் இருக்கட்டும் என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பார்.