‘வா’ என்னும் ஒரு சொல்

சேலம் மாநகரின் கிழக்கே உள்ள அம்மாபேட்டை நெசவுத் தொழிலுக்குப் பேர்போன பகுதி. அங்கே பிறந்து வளர்ந்த நான் சிறு வயதில் கோழி கூவிக் கண்விழித்ததில்லை. தறியின் ஓசை கேட்டே கண்விழித்திருக்கிறேன். அந்நாளில் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பார்கள். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பும் பிழைப்பும் அந்தப் பாவில் அடங்கியிருக்கும்.

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. அது குட்டியாக இருந்தபோது ஒரு நாள், விரித்திருந்த பாவுக்குள் புகுந்து ஓடிற்று. இழைகள் பல அறுந்தன. பெரியவர்களின் கோபம் என் மேல் பாய்ந்தது. நாயை வளர்த்தவன் நான் அல்லவா? நான் தெருமுனையில் நின்று, “மணி, வா!” என்று அழைத்தேன். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. வந்ததும் கழியால் அடித்தேன். பாவைக் கலைத்ததற்குத் தண்டனை கொடுத்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன். அன்று மட்டும் அன்று. அதன் பின்னும் பலமுறை இவ்வாறே செய்தேன். நாளடைவில் ‘வா’ என்று நான் சொன்னால் மணி வருவதில்லை. நின்ற இடத்திலேயே நின்று, வாலை ஒடுக்கிக்கொண்டு என்னைப் பார்க்கும்.

ஒரு மாலை அது கடலூர் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. எதிரே லாரி வருவதைக் கண்டு, “வா!” என்று கத்தினேன். மணி நடுச்சாலையில் நின்று என்னைப் பார்த்தது. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சாவுக்குக் காரணம் லாரி என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பின்னர்க் கல்லூரியில் பயின்றபோதும், வரலாறு கற்பிக்கும் பணியில் இருந்தபோதும் படித்த சில நூல்கள் என் நம்பிக்கையை மாற்றின. நாய்க்குக் கீழ்ப்படிதல் கற்பிப்பது வரலாற்றுக்கு உரிய பொருளா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். மனிதன் தன் கையில் இருந்த கழியைக் கீழே வைப்பதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதும் வரலாறுதான். அதையே இங்குச் சொல்ல விழைகின்றேன்.

நாயைப் போற்றிய மக்கள் நம் முன்னோர். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உள்ளது. அது ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எடுக்கப்பெற்றது. அதில் ஒரு வீரனுடன் அவன் நாயின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலைக் கல்லெழுத்து கூறுகின்றது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த சமுதாயம் அதனை எவ்வாறு பழக்கியது என்பதை மட்டும் கல் கூறவில்லை. பழக்கும் கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்தது. அதில் அன்பும் இருந்தது, அடியும் இருந்தது.

இனி, ஏட்டில் எழுந்த வரலாற்றுக்கு வருவோம். 1898-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்டு தார்ண்டைக் என்ற இளைஞர் மரச் சட்டங்களால் கூண்டுகள் செய்து, பசித்த பூனைகளையும் நாய்களையும் அவற்றுள் அடைத்தார். உள்ளிருக்கும் கயிற்றை இழுத்தாலோ நெம்பியை மிதித்தாலோ கதவு திறக்கும்; வெளியே உணவு இருக்கும். முதலில் பூனை கண்டபடி கீறிப் பிராண்டிற்று. தற்செயலாக ஒரு முறை கதவு திறந்தது. மறுமுறை சற்று விரைவாகத் திறந்தது. பலமுறை ஆனபின், உள்ளே விட்டவுடன் பூனை தானே கதவைத் திறந்துகொண்டது. நல்ல விளைவைத் தந்த செயல் நிலைபெறும் என்னும் இக்கருத்துக்கு ‘விளைவு விதி’ என்று பெயர்.

அதே காலத்தில் ருஷ்ய நாட்டில் இவான் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகவே 1904-இல் நோபல் பரிசு பெற்றார். உணவு வாயில் விழுமுன்னரே, உணவு கொண்டுவருபவரின் காலடி ஓசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை அவர் கூர்ந்து நோக்கினார். தாளம் தட்டும் கருவி ஒன்றை ஒலிக்கச் செய்து, உடனே உணவு கொடுத்து வந்தார். சில நாள்களில் அந்த ஒலி ஒன்றே நாய்க்கு உணவின் அறிவிப்பு ஆகிவிட்டது. பொருளற்ற ஓர் ஓசை, தன்னைத் தொடர்ந்து வருவதன் பொருளைத் தானே ஏற்றுக்கொள்கின்றது.

இவ்விருவரையும் படித்த அன்றுதான் மணியின் சாவு எனக்கு விளங்கிற்று. நான் தண்டித்தது பாவைக் கலைத்ததை அன்று. அழைத்ததும் ஓடி வந்ததைத் தண்டித்தேன். தார்ண்டைக்கின் விதிப்படி, வருதல் என்னும் செயல் தீய விளைவைத் தந்தது. ஆகவே அது மறைந்தது. பாவ்லோவின் முறைப்படி, ‘வா’ என்னும் சொல் கழியின் அறிவிப்பு ஆயிற்று. நடுச்சாலையில் அதை நிறுத்தியது என் குரலே.

அறிவு பிறந்துவிட்டால் பழக்கம் உடனே மாறிவிடுமா? வரலாறு ‘இல்லை’ என்கின்றது. 1910-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கோன்ராட் மோஸ்ட் என்பவர் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காவல்துறை நாய்களைப் பழக்கிய அனுபவம் உடையவர் அவர். எந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்பதை நுணுக்கமாக வகுத்தவர். பரிசின் பயனையும் அறிந்தவர். ஆயினும் அவர் முறைக்குக் கட்டாயமே முதுகெலும்பு. கழுத்துப்பட்டையை வெடுக்கென இழுத்தலும் சவுக்கும் அதில் இடம்பெற்றன. இரு உலகப் போர்களிலும் படைக்கு நாய்கள் வேண்டியிருந்தன. படையில் வழங்கிய முறையே பின்னர் வீடுகளிலும் புகுந்தது. ஆராய்ச்சிக்கூடம் ஒரு பக்கம், பயிற்சிக்களம் ஒரு பக்கம் என இரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

அவற்றை இணைத்தது ஒரு புறா என்றால் வியப்பீர்கள். 1943-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஒரு மாவு ஆலையின் மேல்தளத்தில், உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் போர்ப் பணிக்காகப் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள், மரப்பந்தைப் புறாவின் அலகால் தள்ளச் செய்ய முயன்றார். புறா தானாகத் தள்ளும் வரை காத்திருக்கவில்லை. பந்தைப் பார்த்தால் ஒரு தானியம், நெருங்கினால் ஒன்று, அலகால் தொட்டால் ஒன்று. இவ்வாறு படிப்படியாகப் பரிசளிக்கவே, சிறிது நேரத்தில் புறா பந்தை அடித்து விளையாடத் தொடங்கிற்று. அங்கே உடனிருந்தவர் கெல்லர் பிரெலாண்டு. அவரும் அவர் மனைவி மேரியனும் பின்னர் இதையே தொழிலாகக் கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட வகை உயிரினங்களை உணவும் ஒலியும் கொண்டே பழக்கினார்கள்.

ஒலி எதற்கு? நாய் தொலைவில் நின்று நல்லதொன்றைச் செய்கின்றது. நாம் நடந்து சென்று உணவு கொடுப்பதற்குள் அது வேறொன்றைச் செய்துவிடுகின்றது. ஆகவே அழுத்தினால் ‘டிக்’ என ஒலிக்கும் தகர விளையாட்டுப் பொருள் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு, ‘இந்த நொடியில் செய்தாயே, இதுவே சரி’ என்று தெரிவிக்கின்றோம். 1951-இல் ஓர் அறிவியல் இதழில் ஸ்கின்னர் இம்முறையைப் பொதுமக்களுக்கு எளிமையாக விளக்கினார். ஆனாலும் அது வீடுகளில் பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின. கடலில் வாழும் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் என்ற அம்மையார் 1984-இல் எழுதிய நூல் அதற்குப் பெரிதும் உதவிற்று. டால்பினுக்குக் கழுத்துப்பட்டை கட்ட இயலாது. அடித்தால் நீந்திப் போய்விடும். பரிசு ஒன்றே வழி. அடிக்கவே முடியாத ஓர் உயிர், அடிக்காமலே கற்பிக்கலாம் என்பதை மனிதனுக்குக் கற்பித்தது.

இதற்கிடையே, குட்டிப் பருவத்தைப் பற்றியும் அறிவு வளர்ந்தது. ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் ஐந்து நாய் இனங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எவரோடு பழகுகின்றதோ, அவரையே தன் சுற்றமாகக் கொள்கின்றது என்பது அவர்கள் கண்டது. அப்பருவத்தில் மனிதக் கையை அன்பின் கையாக அறிந்த குட்டி, பின்னாளில் அக்கையைக் கண்டு அஞ்சுவதில்லை.

‘பரிசு கொடுத்துப் பழக்குவது கையூட்டு அல்லவா?’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அம்மாபேட்டைக்காரனாகிய நான் அவருக்குச் சொன்ன விடை இது: வேலைக்கு முன்னே மறைவாக நீட்டுவது கையூட்டு, சேலையை நெய்து கொடுத்தபின் பெறுவது கூலி. உழைப்புக்குக் கூலி கொடுப்பவரை யாரும் குறை கூறார். ஆகவே உணவைக் காட்டி அழைக்காதீர்கள். அழைத்து, வந்தபின் கொடுங்கள்.

‘அடித்தால் விரைவில் படியுமே’ என்பாரும் உளர். 2004-இல் இங்கிலாந்தில் நாய் வளர்ப்போரிடையே நடத்திய ஓர் ஆய்வில், பரிசு மட்டும் கொண்டு பழக்கப்பட்ட நாய்கள் கூடுதலாகக் கீழ்ப்படிந்தன. தண்டனைக்கு உள்ளான நாய்களிடம் தொல்லைகள் மிகுந்திருந்தன. போர்த்துகலில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு 92 நாய்களைப் பற்றியது. கடுமையான முறையில் பயின்ற நாய்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு பயிற்சிக்குப்பின் உயர்ந்திருந்தது. பாவ்லோவ் உமிழ்நீரில் எதிர்பார்ப்பை அளந்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் வந்தவர்கள் அதே உமிழ்நீரில் அச்சத்தை அளந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் விலங்குகளின் துயர் நீக்க ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும், நாயை நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதும் அச்சட்டப்படி குற்றம். பரதக் கலையை வளர்த்த கை, வாயில்லா உயிர்க்கும் நீண்டது நமக்குப் பெருமை.

சென்ற ஆண்டு என் பேத்தி தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்தாள். செவ்வண்ணம் உடையதாதலின் அதற்குச் செவலை என்று பெயர். மணிக்குச் செய்த பிழையை நினைத்து நான் தயங்கினேன். “தாத்தா, இந்தத் தடவை கழி வேண்டாம், இட்லித் துண்டு போதும்” என்றாள் அவள்.

நாங்கள் செய்தவை மிக எளியவை. கொண்டைக்கடலை அளவில் அவித்த முட்டையோ இட்லியோ நறுக்கி வைத்துக்கொண்டோம். குட்டியின் மூக்குக்கு மேலே கையைப் பின்னோக்கி நகர்த்தினால் தலை உயரும். உடல் தானே அமரும். அமர்ந்த அந்த நொடியிலேயே ‘சபாஷ்’ என்றோம். உடனே ஒரு துண்டு கொடுத்தோம். நன்கு பழகியபின்னரே ‘உட்கார்’ என்னும் சொல்லைச் சேர்த்தோம். கூடத்தின் இரு முனைகளிலும் நாங்கள் இருவரும் அமர்ந்து, மாறி மாறி ‘வா’ என்று அழைத்தோம். வந்தபோதெல்லாம் பரிசும் தடவலும் கிடைத்தன. பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. பல் முளைக்கும் குட்டி கடிக்கத்தான் செய்யும். அது குற்றம் அன்று, இயல்பு. ஆகவே நூற்கண்டுகளை உயரத்தில் வைத்தோம். முடிச்சிட்ட பழந்துணி ஒன்றைக் கடிக்கக் கொடுத்தோம். பாடம் படிந்தபின், ஒவ்வொரு முறையும் உணவு கொடுக்காமல், சில முறை உணவும் சில முறை பாராட்டும் கொடுத்து வந்தோம். எங்கள் வீட்டில் விதி ஒன்றே ஒன்று: ‘வா’ என்று அழைத்துவிட்டு எக்காலத்தும் கடிந்துகொள்ளக் கூடாது.

ஆறு மாதம் கழித்து ஒரு மாலை, வாயிற்கதவு திறந்திருந்தது. செவலை பூனை ஒன்றைத் துரத்திக்கொண்டு கடலூர் சாலையை நோக்கி ஓடிற்று. நான் அழைக்க வாயெடுத்தேன், குரல் எழவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் நின்ற அதே இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் பேத்திதான் அழைத்தாள்: “செவலை, வா!” குட்டி சாலையின் ஓரத்தில் சட்டென நின்றது, திரும்பியது, காதுகள் மடங்க ஓடிவந்து அவள் காலடியில் அமர்ந்தது. அவள் கையில் அப்போது தின்பதற்கு ஒன்றும் இல்லை. மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாணவ நண்பர்களே! நாளை உங்களிடம் ஒரு குட்டி வரலாம். தம்பியோ தங்கையோ உங்களிடம் பாடம் கேட்க வரலாம். நீங்கள் அழைத்து அவர்கள் வந்த அந்த நொடியில் உங்கள் கையில் என்ன இருக்கின்றது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அடுத்த முறை அவர்கள் வருவார்களா என்பதை அதுவே முடிவு செய்கின்றது.